கூரியரில் வந்ததும் வாட்ஸப்பில் போனதும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

இந்த டைரியில் மார்ச் மாதம் இரண்டு தடவை வரும். ஏப்ரல் வரவே வராது. பைண்டிங்கில் பிசகிப்போன சரக்கு. சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையும் டைரியும் அடிக்கிற பிரஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். வருடா வருடம் இப்படி ஒரு பழுதான டைரி எனக்கு இலவசமாகக் கிடைக்கும். ஏப்ரல் இல்லாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் இனிமேல்தான் நடக்கப்போகிறது. சுபாஷினிக்குச் செப்டம்பர் நான்காம் தேதி கல்யாணம்.

ஊரார் வீட்டுப் பத்திரிகைகளில் எத்தனையோ பிழை பிடித்தவள், இன்று சொந்த மகள் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தேன். 'சுபாஷினி' என்ற பெயரை ஒன்பது தடவை படித்தேன். பிழை இல்லை. ஆனாலும் பத்தாவது தடவையும் படித்தேன்.

அழைப்பவர்கள் பட்டியலில் ஒரு வரி காலியாகக் கிடந்தது. காலி விட்டால் பார்க்க நன்றாக இருக்காது. 'பெரியப்பா, பெரியம்மா: ஜெயபால் - ராஜக்கனி, சாத்தூர்' என்று போட்டு நிரப்பினேன். பக்க அழகுக்காகத்தான். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு காபி கேட்டார்.

ராஜக்கனி என் கூடப் பிறந்த அக்கா. ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் மகன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினாள். இங்கிருந்து சாத்தூர் ஒரு மணி நேரம்கூட இல்லை. கூடப் பிறந்தவளுக்குக் கூரியர். யாரோ ஒரு பையனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 6, புதன்

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அறுநூறு. முதலாளி காகிதத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். சந்தன நிறம், ஓரத்தில் மாவிலை. ஒன்றை மோந்து பார்த்தேன். புது மை வாசம். சிரித்துக்கொண்டே அழுதேன், அல்லது அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற ஜெசிந்தா டிஷ்யூ கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "தூரத்துல இருக்கவுகளுக்கெல்லாம் வாட்ஸப்புல அனுப்பிருவோமா காளி?"

இதைச் சொன்னவர் இன்னும் பட்டன் போன் வைத்திருப்பவர். வங்கிக் கணக்குக்கும் அந்தப் பட்டன் போன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார். எல்லோரும் பூக்கடையில் போனைக் காட்டிக் காசு கொடுக்கும்போது நான் சில்லறை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். கேட்டால், "எம் போனுக்குள்ள எவனும் வர முடியாது, ஏன்னா உள்ள ஒண்ணுமே கிடையாது" என்பார்.

"பத்திரிகைய நேர்ல போயி, தட்டுல வச்சுக் குடுத்தாத்தான் அழைப்பு. போன்ல அனுப்பினா அது வெறும் தகவல்," என்றேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"சாத்தூருக்கும்?"

எனக்குத் தலைவலி வந்துவிட்டது. படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நூற்றைம்பது பத்திரிகைக்கு நாலு மூலையும் மஞ்சள் தடவியாயிற்று. ஆவணி பிறந்ததும் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். தடவியதில் நல்லதாக ஒன்றைத் தனியாக பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எதற்கும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மாலை கட்டப்போகும் சங்கரபாண்டியிடமிருந்து வாட்ஸப்பில் ஒன்று வந்தது. 'திருமண அழைப்பிதழ், அவசியம் வரவும்' என்று ஒரு ஃபைல். டீ நேரத்தில் பார்த்தேன். எனக்கு வந்ததே ஒரு கோபம். அவருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள் என்பது தெரியும். மாலை ஆர்டர் மட்டும் நம்மிடம் வாங்குவாராம், பத்திரிகையை வேறு பிரஸ்ஸில் அடிப்பாராம். எந்த பிரஸ், என்ன டிசைன், எத்தனை பிழை என்று பார்க்காமல் விடுவதா?

தொட்டேன். பத்திரிகை திறக்காமல் 'இன்ஸ்டால்' என்றது. அழுத்தினேன். தெரியாத இடத்திலிருந்து வருகிறது, பரவாயில்லையா என்றது. சங்கரபாண்டியா தெரியாத ஆள்? அழுத்தினேன். உங்கள் மெசேஜ்களைப் படிக்கலாமா என்றது. பத்திரிகையைப் படிக்கப்போவது நான், அது எதற்கு என் மெசேஜைப் படிக்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அதையும் அழுத்திவிட்டு எழுந்தேன்.

கடைசிவரை பத்திரிகை வரவில்லை. சங்கரபாண்டிக்கு ஒரு ஃபைல்கூட ஒழுங்காக அனுப்பத் தெரியவில்லை. சாயங்காலமெல்லாம் போன் சுடுகிறது. வெயில் அப்படி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத நேரமில்லை. சாத்தூர் போகிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

காலை பத்தரைக்கு பிரஸ் போனுக்கு சுபா கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

"அம்மா, எங் கல்யாணத்துக்கு எனக்கே பத்திரிகை அனுப்பியிருக்க. அவசியம் வரவும்னு வேற போட்டிருக்க."

"நான் ஒண்ணும் அனுப்பலையே."

"அத நீ திறந்தியா? யார்கிட்டயிருந்தாவது இதே மாதிரி வந்துச்சா? மறைக்காம சொல்லு."

சொன்னேன். எப்போது திறந்தேன் என்று கேட்டாள். அப்புறம், "உம் போன ஜெசிந்தா அக்காகிட்ட குடு," என்றாள்.

ஜெசிந்தா என் போனை வாங்கிப் பார்த்தாள். முதலில் அதை விமானத்தில் போகிறவர்கள் வைக்கிற மாதிரி வைத்து, வெளித்தொடர்பை எல்லாம் நிறுத்தினாள். பிறகு அந்த ஃபைலின் பெயரைக் காட்டினாள். பெயரின் வாலில் ஏபிகே என்று இருந்தது.

"காளியக்கா, பத்திரிகைன்னா படமா வரும், வீடியோவா வரும், பிடிஎஃப்பா வரும். எதுவுமே இன்ஸ்டால் பண்ணச் சொல்லாது. இது பத்திரிகை இல்ல, ஒரு ஆப். உள்ள பூந்து உங்க மெசேஜப் படிச்சு, உங்க வாட்ஸப்பப் பிடிச்சு, உங்க பேர்ல எல்லாருக்கும் தன்னையே அனுப்பியிருக்கு. சங்கரபாண்டி அண்ணாச்சிக்கும் இதேதான் நடந்திருக்கும். பாவம், அவரு மக இன்னும் காலேஜுல படிக்குது."

அறுநூறு பத்திரிகை வீட்டில் இருக்க, ஒருவர் வீட்டு வாசலையும் மிதிக்காமல், என் பெயரில் ஊர் முழுக்க அழைப்பு போய்விட்டது. அவமானத்தில் காது சுட்டது. சம்பந்தியும் பிரஸ் போனுக்கே கூப்பிட்டு, "தேதி ஏதும் மாறிப்போச்சா?" என்று கேட்டார். நல்லவேளை, அவர் அதைத் திறக்கவில்லை. கண்ணாடி போடாமல் இருந்தாராம்.

ஜெசிந்தா தன் போனில் 1930க்கு அடித்துக் கொடுத்தாள். இணையத் திருட்டைப் புகார் சொல்லும் நம்பர். ஒரு அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்து வங்கி. எனக்கு உயிரே இல்லை. நகைக்கும் மண்டபத்துக்கும் சேர்த்தது மொத்தமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. வங்கியில் பார்த்துவிட்டு, "ஒண்ணும் போகலம்மா. உங்க கணக்குக்கு வேற நம்பர் இருக்கு," என்றார்கள். பட்டன் போன். வந்தவன் என் மெசேஜை எல்லாம் உருட்டிப் பார்த்திருப்பான். ஆடித் தள்ளுபடியைத் தவிர வேறொன்றும் அகப்பட்டிருக்காது. வீட்டுக்காரரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பேரன் பேத்திக்குக் காது குத்துகிறவரை சொல்லிக் காட்டுவார்.

ஜெசிந்தாவும் சுபாவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, என் பெயரில் பத்திரிகை வந்தால் தொடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜெசிந்தா பெயர்களை வாசிக்க வாசிக்க நான் யார் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

"ராஜக்கனின்னு ஒரு பேரு இருக்கு."

"அத விடு," என்றேன்.

"விட முடியாதுக்கா. அவுங்களுக்கும் போயிருக்கு."

அக்கா சுங்குடிச் சேலை விற்கிறாள். வாட்ஸப்பில் படம் போடுவாள், காசும் போனிலேயே வரும். அவள் பிழைப்பு முழுவதும் அந்தப் போனுக்குள்தான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியும். அவ்வளவுதான். என் பெயரில் ஒரு பத்திரிகை போயிருக்கிறது. ஏழு வருடம் கழித்துத் தங்கச்சியிடமிருந்து வந்ததென்று ஆசையாகத் தொட்டிருந்தால்? என் போனில் எடுக்க ஒன்றுமில்லை, அவள் போனில் எல்லாமே இருக்கிறது.

ஜெசிந்தாவின் போனை வாங்கி நானே அடித்தேன். நம்பரைப் பார்க்காமலே விரல் அடித்தது. ஜெசிந்தா கவனித்தாள். நாலு தடவை அடித்தும் அக்கா எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்றால் அவள் எடுக்க மாட்டாள். சுபா நம்பரும் அவளுக்குத் தெரியாது. மெசேஜ் அனுப்பலாமா என்றாள் ஜெசிந்தா. யாரோ தெரியாத நம்பரிலிருந்து, 'உங்க தங்கச்சி அனுப்பினதத் திறக்காதீங்க' என்று போனால் அதையே திருட்டு என்றுதான் நினைப்பாள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வேலைக்குக் கட்டிய நூல் சேலை. விரலெல்லாம் சிவப்பு மை. கையில் பழமில்லை, பூவில்லை. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. ஒரு நல்ல காரியத்துக்கும் யாரும் யார் வீட்டுக்கும் போகாத நாள்.

பஸ்ஸில் எனக்கு நானே ஒன்றை ஒத்துக்கொண்டேன். இதுவரை எந்த டைரியிலும் எழுதியதில்லை. அந்தக் கூரியர் உறைக்குள் பத்திரிகையோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. 'காளி, அத்தானுக்கு நெஞ்சு வலி. மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நேரில் வர முடியவில்லை. கோபிக்காமல் வந்துவிடு.' படித்தேன். அன்றைக்கே படித்தேன். ஆனால் அதற்குள் தெரு முழுக்க, எங்க அக்கா எனக்குக் கூரியரில் அனுப்பிவிட்டாள் என்று சொல்லி முடித்திருந்தேன். சொன்னதைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை. அப்புறம் அவள் போன் பண்ணியபோது எடுக்கவில்லை. அப்புறம் அவள் பண்ணவில்லை.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் சேலைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. நான் வாசலிலேயே நின்றேன்.

"அந்தப் பத்திரிகையைத் திறந்துட்டியா?" என்றேன். ஏழு வருடத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பதறவில்லை. கையிலிருந்த சேலையை மடித்து வைத்தாள்.

"உன் பேர்ல வந்துச்சே, அதுவா? அழிச்சிட்டேன்."

பயம் போன அதே நிமிடம் ரோஷம் வந்துவிட்டது. "எம் மக கல்யாணப் பத்திரிகைய அழிச்சிட்டியா?"

"ஆமா. பாத்ததுமே திருட்டுன்னு தெரிஞ்சுபோச்சு."

"எப்படித் தெரிஞ்சுச்சு? பிரஸ்ஸுல இருக்க எனக்கே தெரியல."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கூரியர்ல அனுப்பினதுக்கே ஏழு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தவ நீ. பெத்த மக கல்யாணத்துக்குக் கூடப் பொறந்தவள வாட்ஸப்புல அழைப்பியா? சாகுற வரைக்கும் அழைக்காம இருந்தாலும் இருப்ப, போன்ல மட்டும் அழைக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அப்புறம் ரெண்டு பேரும் சேலைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதோம். உள்ளேயிருந்து அத்தான் வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பயந்துபோய் நின்றார். "ஒண்ணும் ஆகல. காளி வந்திருக்கா," என்றாள் அக்கா.

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். புளிக்குழம்பு, முருங்கைக்கீரை. கீரையில் உப்பு கூட. சொல்லவில்லை. கிளம்பும்போது, "இது அழைப்பு இல்ல. ஆவணி பொறந்ததும் முறையா வருவேன்," என்றேன். "வராட்டி நானும் வர மாட்டேன்," என்றாள். என் அக்காதான், சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெசிந்தா என் போனை முழுக்கத் துடைத்துப் புதிது மாதிரி ஆக்கிவிட்டாள். வாட்ஸப் திரும்பக் கிடைத்தது. இரண்டாவதாக ஒரு பூட்டு உண்டாம், ஆறு எண். அதையும் போட வைத்தாள். படமெல்லாம் போச்சு, பரவாயில்லை. மொத்தம் மூன்று பேர் அந்தப் பத்திரிகையைத் தொட்டிருந்தார்கள். மூன்று பேர் போனையும் உடனே நிறுத்தி வங்கிக்குச் சொல்லியாயிற்று. யாருக்கும் காசு போகவில்லை. மூன்று பேருமே, "நீ கூப்பிட்டிருக்கியேன்னு தொட்டுட்டேம்மா," என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரின் பட்டன் போனுக்கு ஒருவன் கூப்பிட்டான். போலீஸில் சைபர் பிரிவாம். எங்கள் பெயரில் புகார் வந்திருக்கிறதாம், கைதாகாமல் இருக்க வேண்டுமானால் போனுக்கு வருகிற ஓடிபியைச் சொல்ல வேண்டுமாம். போலீஸ்காரர்கள் போனில் கைது செய்ய மாட்டார்கள், யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள் என்று சுபா ஏற்கெனவே அவருக்குப் பாடம் எடுத்திருந்தாள். இவர் பதறாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சார், வீடியோ கால்ல வாங்க," என்றானாம் அவன்.

"எம் போன்ல மூஞ்சி தெரியாது தம்பி. நீங்க நேர்ல வாங்க. செப்டம்பர் நாலாந்தேதி எம் மகளுக்குக் கல்யாணம். சாப்பிட்டுட்டுக் கைது பண்ணுங்க."

வைத்துவிட்டான். அந்த நம்பரையும் 1930க்குச் சொல்லிவிட்டு வந்து, பட்டன் போனைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். வங்கி விஷயத்தை சுபா போட்டுக்கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. காது குத்துகிறவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி முதல் நாள்

முதல் பத்திரிகை பத்ரகாளியம்மனுக்கு. இரண்டாவது பத்திரிகையை பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு சாத்தூர் போனோம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமம், அக்காவுக்கு ஒரு சேலை. சேலை விற்கிறவளுக்குச் சேலை எடுக்க மூன்று கடை ஏறி இறங்கினேன்.

அக்கா பட்டு கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அத்தானையும் சேர்த்து நிற்க வைத்துத் தட்டைக் கொடுத்தோம். அவள் பத்திரிகையை அங்கேயே பிரித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் பத்திரிகையைச் சும்மா பார்க்க மாட்டார்கள்.

ஒரு வரியில் விரலை வைத்து நின்றாள்.

"எங்க பேரு போட்டிருக்கு."

"ம்."

"செவ்வாக்கெழம நீ வந்துட்டுப் போன பெறகு புதுசா அடிச்சியா?"

நான் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு இப்படிப்பட்ட இடத்தில்தான் வாய் நீளும்.

"இல்ல மதினி. ஆறாந்தேதியே மெஷின்ல ஓடி வந்துருச்சு. ஒரு வரி காலியா இருந்துச்சாம். அழகுக்காகப் போட்டாளாம்."

அக்கா எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆறாம் தேதிக்கும் நான் அவள் வாசலில் போய் நின்ற பன்னிரண்டாம் தேதிக்கும் நடுவே ஆறு நாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

பிறகு உள்ளே போய், ஒரு பழைய தகர டப்பாவிலிருந்து ஒரு உறையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அவள் மகன் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் காய்ந்து பழுப்பேறிப்போயிருந்தது. மேலே அவள் கையெழுத்தில் 'காளிக்கு' என்று இருந்தது.

"அவரு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் நேர்லயும் ஒண்ணு குடுக்கலாம்னு மஞ்ச தடவி வச்சேன். அதுக்குள்ள நீ போனே எடுக்கல," என்றாள்.

ஏழு வருடம் கழித்து அந்தப் பத்திரிகையை நான் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வரி வரியாகப் படித்தேன். மூன்று பிழை இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது. அறுநூறு பத்திரிகையும் கையில்தான் கொடுத்தோம். திருட்டுப் பத்திரிகை போன வீடுகளில், அதற்காகவே ஒரு தடவை கூடுதலாக உட்கார்ந்து காபி குடித்தோம். அதனாலேயோ என்னவோ, வந்த கூட்டத்துக்கு இலை போதாமல் ஆள் ஓடினான்.

சந்தனம், கல்கண்டுத் தட்டுக்கு அக்காதான் பொறுப்பு. உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், "வாங்க, வாங்க" சொல்லி முடித்ததும், "தங்கச்சி பேர்ல வந்ததத் திறக்கலைல்ல?" என்று கேட்டுத்தான் சந்தனம் கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமனையும் விடவில்லை. சங்கரபாண்டி மாலையோடு வந்தபோது அவரை மட்டும் ரெண்டு தடவை கேட்டாள்.

சுபா வண்டி ஏறும்போது பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம்தான் என்னிடம் வந்தாள். எனக்குக் கொஞ்சமும் பொறாமை இல்லை என்று எழுதினால் இந்த டைரியே நம்பாது.

அக்கா இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போவாள். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரக் கணக்குப் பார்க்கிறாள். சற்று முன் என் போனை எடுத்து, "அந்த ஆறு நம்பரு பூட்டு போட்டியே, என்ன நம்பரு?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாத," என்று என் வாயைப் பொத்தினாள். "எங்கிட்டயும் சொல்லாத. நீ பிழைச்சுக்குவியான்னுதான் பார்த்தேன்."

எனக்கு மட்டும் தெரிந்த அந்த எண், அவள் வீட்டு வாசலில் நான் போய் நின்ற நாள் இல்லை. நாள் எதையும் வைக்கக் கூடாது, சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த நாளை மறந்துவிடாமல் இருக்க, பழுதான இந்த டைரியை மட்டும் பழைய பேப்பர்காரனுக்குப் போடப்போவதில்லை.